திருப்பி அனுப்பும் விளக்குப் பெட்டி பற்றி வத்தளை மருமகனுக்கு

கொச்சிக்கடை அந்தோனியார் காவல்

கொட்டாஞ்சேனை,
திங்கட்கிழமை

ஊருக்கெல்லாம் பெரிய பெரிய விளக்குகள் செய்து விற்று, மாமனாருக்கு மட்டும் பழுதானதை இனாமாகத் தரும் மதிப்புக்குரிய மருமகன் றமேஷ் அவர்களுக்கு மாமா ஹியூபேட் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் மாமி றோஸியும் சுகம். உங்கள் மச்சாள் லவினா சுகமா என்பது தெஹிவளையிலிருந்து பதில் வந்தால்தான் தெரியும். அவ்விடம் என் மூத்த மகளும் உங்களுடைய தொந்தியும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன்.

போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்களாம். எழுத்தில் கொடுக்கச் சொல்லி றோஸியின் உத்தரவு. பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு வரியாக வாசிக்கிறாள்.

விசயம் இதுதான். நேற்று தெஹிவளையிலிருந்து லவினாவைப் பெண்பார்க்க வந்தார்கள். சின்ன வயதில் எண்ணெய் தெறித்த தழும்பு அவளுடைய இடது கன்னத்தில் இருப்பது உங்களுக்குத் தெரியும். முன்னம் வந்த ரெண்டு இடமும் அதைப் பார்த்துத்தான் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனது. இந்த இடமும் போனால் இனி யாரையும் கூப்பிட வேண்டாம் எண்டு பிள்ளை சொல்லிப்போட்டாள். அதால றோஸி, "ஹோல் வெளிச்சத்தக் குறைங்க, கன்னம் தெரியக் கூடாது" எண்டாள். நீங்க நத்தாருக்குத் தந்த நூறு வாட்ஸ் விளக்கு லேசுப்பட்டதா? துறைமுகத்துல ராவுல பெரிய லைட்டுக்குக் கீழ, பாரம் தூக்குற வின்ச் ஓட்டின எனக்கே கண் கூசுது, நம்மட ஹோல்ல எறும்புக்கும் நிழல் விழுது. பழைய ரியூப் லைட்டையும் உங்கட பேச்சக் கேட்டுக் கழட்டிக் குடுத்தாச்சு.

முதல்ல ஃபேன் ரெகுலேட்டரக் கொண்டுபோய் அதுல மாட்டினன். விளக்கு கண்ணடிக்கத் தொடங்கிட்டு. "பொண்ணு பாக்க வாற வீட்டுல விளக்கு கண்ணடிக்கிறதா!" எண்டு றோஸி கத்தினாள். பிறகு விளக்குக்குக் கரண்ட்ட அளந்து குடுக்கிற, திரைச்சீலைக்குப் பின்னால தொங்குற அந்த வெள்ளைப் பெட்டி, ட்ரைவர் எண்டுவீங்களே, அதுல நீங்க "தொடாதீங்க மாமா" எண்டு சொன்ன றப்பர் மூடியத் தொட்டன். உள்ளுக்க இருந்த குட்டி ஸ்குறூவ இடப்பக்கம் திருப்பினா வெளிச்சம் பாதிக்குத்தான் இறங்குது. லவினாவக் கீழ நிக்க வச்சுப் பாத்தம். தழும்பு தெரியுது. கடைசியா, பெட்டியால வெளியில தொங்குற மெல்லிசு வயர் ரெண்டும் ஒண்டையொண்டு தொட்டா வெளிச்சம் அடங்கும், பிரிச்சா முழுசா எரியும் எண்டு நீங்க சொன்னது ஞாபகம் வந்திச்சு. ரெண்டையும் முறுக்கி டேப் சுத்தினன். ஹோல் மாதா கெபிக் குகை மாதிரி மங்கலாகிட்டு, றோஸிக்குப் பரம சந்தோசம். ஸ்குறூவையும் வலப்பக்கம் கடைசி மட்டும் திருப்பி வச்சன். அடுத்தவன்ட சாமான், இருந்தபடி இருக்கோணுமே.

மாப்பிள்ளை றெஜினோல்டும் தாய் மெற்றில்டாவும் வந்தாங்க. மனுசி இருட்டுல கதிரை எண்டு நினைச்சு என்ட மடியில இருக்கப் பாத்தா.

"ஐயோ, கரண்ட் குறைவா?"

"எனக்குக் கண் கூசும். டொக்டர் சொன்னவர்" எண்டாள் றோஸி. எந்த டொக்டர் எண்டு நான் கேக்கல்ல.

லவினா கேக் தட்டோட வந்தாள். மெற்றில்டா கண்ணச் சுருக்கிப் பாத்தா.

"பிள்ள, கிட்ட வாங்களேன். முகமே தெரியல்ல."

"கேக் எடுங்க, கேக் எடுங்க" எண்டு றோஸி குறுக்க விழுந்தாள்.

"இருங்கோ, போன்ல லைட் இருக்கு" எண்டு மனுசி ஹேண்ட்பேக்கத் திறந்தா. றோஸிட கை செபமாலையில. நான் திரைச்சீலை ஓரத்துக் கதிரையில அசையாம இருந்தன், அந்தோனியார் சாட்சி. அப்ப பாத்து உங்கட விளக்கு தானாப் பளீரெண்டு பத்திச்சு பாருங்க! சுவர்ல ஈரம் ஊறின கறை, றோஸி அப்பின பவுடர், அதுக்குக் கீழ பிள்ளைட தழும்பு, எல்லாம் பட்டப்பகல். லவினா முகத்தத் திருப்பல்ல. அப்பிடியே நிண்டாள். விளக்குக்குப் பின்னால இருக்கிற அலுமினியம் சூடாகிக் கருகல் மணம் வேற. பத்திக்கிட்டா என்ன செய்யிற எண்டு நான் மேல பாக்க, எல்லாரும் மாப்பிள்ளையப் பாக்கிறாங்க. வேர்வையோட சேந்து அவர்ட நெத்தியால ஒரு கறுப்புக் கோடு இறங்கி வெள்ளைக் கொலர்ல போய் நிண்டிச்சு.

"றெஜி! தலைச்சாயம்!" எண்டா தாய். மனுசன் லேஞ்சியால துடைக்கத் துடைக்க முகமெல்லாம் கறுப்பு. லவினா தட்டுல இருந்த கடதாசியத் தூக்கி நீட்டினாள். "வீட்ட போய்ச் சொல்லுறம்" எண்டு எழும்பிப் போனாங்க. இன்னும் பதில் இல்ல. றோஸி ராவுல இருந்து சாப்பிடல்ல.

ஆகவே, தன்னிஷ்டத்துக்கு எரியும் இந்தப் பழுதான பெட்டியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒரு குடும்பத்தின் வாழ்வைக் கெடுத்ததற்குப் பொறுப்பு நீங்களே. ஆனாலும் ஆண்டவர் உங்களையும் உங்கள் தொழிலையும் ஆசீர்வதிப்பாராக.

இப்படிக்கு,
மாமா ஹியூபேட்

பி.கு.: இத வத்தளை பஸ்ஸுக்குள்ள பென்சிலால எழுதுறன். றோஸி பக்கத்துல இல்ல. பெட்டியில ஒரு பழுதும் இல்ல மகன். திரைச்சீலைக்குப் பின்னால கைய விட்டு, டேப்ப உரிச்சு வயர் ரெண்டையும் பிரிச்சது நான்தான், லவினா கண் காட்டினவுடன. "கலியாணம் முடிஞ்சு விடியக் காலம அவர் என்னப் பாத்தா என்ன செய்யிற பப்பா?" எண்டு முதல் நாளே கேட்டுப்போட்டாள். இப்ப பஸ் ஏறக்குள்ள போன் எடுத்தாள். றெஜினோல்ட் கதைச்சாராம். வாற ஞாயிறு சாயம் பூசாம வரட்டா எண்டு கேட்டாராம். ஓம் எண்டுட்டாளாம். பெட்டிய ரெண்டு நாள் வச்சிருந்து, திருத்தினது எண்டு சொல்லி மாமிட கையில குடுங்க. கருகல் மணம் வராம ஸ்குறூவ மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் எடுங்க. அந்த மெல்லிசு வயர் ரெண்டையும் தனித்தனியா டேப் சுத்தி, ஆரும் தொட ஏலாத மாதிரி உள்ளுக்க தள்ளிவிடுங்க. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் முழுசா வேணும்.