அய்யாசாமி வீட்டுக்கு ரெய்டு வரவில்லை

"நம்ம ஊட்டுக்கு மட்டும் ஏன் வர்லைங்கறேன்..."

"வர்லைன்னா சாமிக்குத் தேங்கா ஒடைப்பாங்களா, இப்படி ஒக்காந்து பொலம்புவாங்களா? உங்களுக்குப் புத்தி..."

"லிங்கசாமி ஊட்டுக்கு வந்துச்சே. ஜீப்புல."

"வந்து பரண்ல இருந்து அரிசிப் பானை வரைக்கும் கவுத்துட்டுப் போனாங்க. அவரு சம்சாரம் இன்னும் சாமான் அடுக்கிட்டிருக்கறா."

"அடுக்கட்டும். ஊரே அவனைப் பெரிய மொதலாளிங்குது."

பனியன் கம்பெனி அய்யாசாமிக்கும் அவர் மனைவி வள்ளியாத்தாளுக்கும் காலையிலிருந்து இதே பேச்சு. திருப்பூரில் நூலுக்குத் தட்டுப்பாடு வந்த வருஷம் அது. நூலைப் பதுக்கியவர் வீட்டில் அதிகாரிகள் புகுந்தார்கள். புகாத வீட்டில் பதுக்க ஒன்றுமில்லை என்று ஊர் முடிவுகட்டிவிட்டது.

அய்யாசாமியின் கவலையெல்லாம் மகள் கண்ணம்மாளைப் பற்றி. தாராபுரத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் மகனுக்குப் பெண் தேடுகிறார், லிங்கசாமியின் மகளா கண்ணம்மாளா என்று யோசிக்கிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். இன்னும் யாரும் நேரில் வரவில்லை.

அன்றே அய்யாசாமி காலி நூல் அறைக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டார். டீக்கடையில் குரலைத் தாழ்த்தினார்.

"வெளிய சொல்லிராதீங்க. உள்ள இருக்கறது எனக்கும் முருகனுக்குந்தான் தெரியும்."

அதிகாரிகள் காதுக்கு எட்டுமுன் அது நூல் வியாபாரி பக்கீர் முகமதுவின் காதுக்குப் போய்விட்டது.

"ஏனுங்க பாய், இந்த வார நூலு வர்லீங்களே?"

"உங்ககிட்டத்தான் மலையாட்டம் கெடக்குதாமுங்க. இல்லாதப்பட்டவங்களுக்குக் குடுத்துட்டேன்."

மிஷின்கள் நின்றன. சத்தம் இல்லாவிட்டால் கம்பெனி நொடித்துவிட்டது என்பார்களே? நூல் இல்லாமலே ஓட்டச் சொன்னார். ஊசிகள் ஒடிந்தன.

"இப்பத் திருப்திங்களா?" என்றாள் வள்ளியாத்தாள்.

அவர் வாயைத் திறக்குமுன் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தடித்த ஒருவர் இறங்கினார். பின்னால் ஒல்லியாக ஒருவர்.

"ரெய்டுங்க. யாரும் எதையும் தொடாதீங்க."

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, மொதல்ல ஒக்காருங்க. கண்ணு, மோர் கொண்டா. டிரைவர் தம்பிக்கும் குடு."

தடித்தவர் திகைத்துத்தான் போனார். ஆனாலும் இரண்டு டம்ளர் குடித்தார்.

"மோர் யாரு கடைஞ்சது?"

"எம் பொண்ணுங்க."

சமையலறையில் அடுப்பு மேடையைக் குனிந்து பார்த்தார். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மூடினார். மாட்டுக் கொட்டகையில், "இது எத்தனாவது ஈத்து?" என்றார்.

அய்யாசாமிக்குப் பொறுக்கவில்லை. "நூல் ரூமைப் பாக்கலீங்களா?"

"அதுவும் இருக்குதா? தொறங்க."

திறந்தார். சுவரில் ஒரு பல்லி, தரையில் ஒரு கிழிந்த பாய். அவ்வளவுதான்.

"இவ்வளவு பெரிய பூட்டு எதுக்குங்க?"

அய்யாசாமியின் தலை தொங்கிப்போனது. "பூட்டு மட்டுந்தானுங்க என்ரது. நீங்க வந்தாத்தான் ஊரு மதிக்கும், பொண்ணுக்கு நல்ல எடம் அமையும்னு..."

"நான் சொன்னா இவரு கேட்டாத்தானுங்களே," என்றாள் வள்ளியாத்தாள், சொம்பிலிருந்து மூன்றாவது டம்ளரை ஊற்றியபடி.

தடித்தவர் சிரித்தார். சிரித்ததில் மோர் மூக்கில் ஏறி, ஒல்லியானவர் அவர் தலையைத் தட்ட வேண்டியதாயிற்று. ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் இருவரும் வாசலுக்கு நடந்தார்கள். அய்யாசாமி அவர்களை முந்திக்கொண்டு ஓடி ஜீப்பைப் பிடித்தார்.

"டிரைவர் தம்பி, நீங்களாவது பெரிய மனசு பண்ணோணும். போற வழியில ஒரே ஒரு மூட்டையாச்சும் புடிச்சோம்னு சொல்லிட்டுப் போங்க. இல்லீன்னா தாராபுரத்துச் சம்பந்தம் போயிருமுங்க."

டிரைவர் காலி டம்ளரை அவர் கையில் கொடுத்தான். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தான். கண்ணம்மாள் கதவுக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"சொல்லிட்டு வந்தா எரவல் வெள்ளிச் சொம்பத்தான் காட்டுவாங்கன்னு எங்கப்பா பொண்ணு பாக்கற ஊட்டுக்கெல்லாம் இப்படித்தான் போவாருங்க, லிங்கசாமி ஊட்ல பச்சைத்தண்ணி குடுக்கக்கூட ஆளில்லீங்க, வெள்ளிக்கெழம பூவோட வர்றோம் மாமா."