வெட்டில் போன கொம்பு

வாய்க்கால் பாலத்தில் வாழைத்தார் லாரி கவிழ்ந்து, கோபி பக்கத்தில் எங்கள் ஊரே ஒரு வாரம் பழமாகத் தின்று தீர்த்ததே, அதற்கு அடுத்த மாதம்தான் என் பேத்திக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். (அந்தப் பழத்தை நான் தொடவில்லை. சரி, தொட்டேன். ரெண்டு தார்தான்.)

நான் பள்ளிக்கூடம் போகாதவன். பஸ் போர்டைப் பார்த்தே எழுத்துக் கூட்டப் பழகியவன். அப்படிப்பட்டவன் பத்திரிகை அடிக்கிற வேலையைத் தலையில் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது. போட்டுக்கொண்டதற்குக் காரணம் என் மருமகளின் அண்ணன், சென்னிமலை வேலுச்சாமி. ஆள் முருங்கைக்காய் கனம்தான். கோபம் மட்டும் ஆறு ஆள் கோபம். என் மகன் கல்யாணப் பத்திரிகையில் தன் பேரை எறும்பு சைசில் போட்டுவிட்டோம் என்று பந்தியில் உட்காராமல் போனவர். காது குத்துவதோ தாய்மாமன் மடியில். முன்கூட்டியே சொல்லிவிட்டார்:

"பேரு பெருசா இருந்தா மடி இருக்குமுங்க மாமா. இல்லீன்னா பாப்பாவ நாற்காலில வெச்சுக் குத்திக்குங்க."

டிசைன் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் நல்ல பொறுமைசாலி. வலது பக்கம் பேத்தி படத்தை வைத்து, மீதி இடத்தில் எழுத்தை நிரப்பினாள்.

"இன்னும் பெருசு பண்ணு கண்ணு."

பண்ணினாள்.

"இன்னும்."

எழுத்து இடது ஓரத்தை முட்டிக்கொண்டு நின்றது.

"ஓரத்துல கொஞ்சம் விடோணுங்கய்யா. எழுத்து வெட்டுல போயிருமுங்க."

"வெட்டு ஞாயித்துக்கெழமைதான அம்மணி? கெடாய்க்கும் பத்திரிகைக்கும் என்ன?"

"அய்யோ, கெடா வெட்டு இல்லீங்க! அச்சடிச்சுக் கட்டா அடுக்கி மிசின்ல ஓரத்த வெட்டுவாங்க. கத்தி அப்பிடி இப்பிடி நகருமுங்க. அதுக்குத்தான் ப்ளீடுன்னு வெளிய கொஞ்சம் கலர் விட்டு, எழுத்த உள்ள தள்ளி வெக்கறது."

நான் வரப்போரம் வரைக்கும் மஞ்சள் நட்டவன். காகிதத்தைத் தரிசு போடுவேனா? "ஒரு நூல் உள்ள தள்ளப்படாது" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அச்சுக்கு அனுப்புமுன் என் போனுக்கும் அனுப்பிக் காட்டினாள். இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு எழுத்துக் குறையவில்லை. கட்டைவிரல் பொம்மையைத் தட்டிவிட்டேன்.

சிவகாசியிலிருந்து கட்டு வந்ததும், முதல் பத்திரிகையைச் சென்னிமலைக்குப் போகிறவரிடம் பெருமையாகக் கொடுத்தனுப்பினேன். அப்புறம்தான் மருமகள் ஒன்றை எடுத்துப் படித்தாள்.

"மாமா! 'மாட்டையடித்துக் காது குத்தும் விழா'ன்னு போட்டிருக்குதுங்க!"

'மொட்டை'யின் முன்னால் இருந்த கொம்பைக் கத்தி கொண்டுபோயிருந்தது. (கொம்பு போனதும் மாடாகிற அதிசயத்தை அன்றுதான் கண்டேன்.) கீழே பார்த்தால் வேலுச்சாமிக்கும் இரட்டைக் கொம்பு போய், 'தாய்மாமன்' என்பதற்கு அடுத்த வரியில் 'வலுச்சாமி' என்று நின்றார். 'கெடா விருந்து' மட்டும் 'கடா விருந்து' ஆகி, படித்தவர்கள் எழுதுகிற மாதிரி திருந்தியிருந்தது.

கடைக்கு ஓடினேன். "போன்ல எல்லாம் இருந்துச்சே அம்மணி!"

"போன்ல கத்தி இல்லீங்களே ஐயா."

மறுபடி அடிக்க நாள் இல்லாமல் அதையே ஊருக்கெல்லாம் கொடுத்தோம். அதற்குப் பிறகு என் போன் ஓயவில்லை. "ஏனுங்க, அந்த மாடு என்ன பாவம் பண்ணுச்சு?" சென்னிமலையிலிருந்து மட்டும் சத்தமே இல்லை. மருமகள் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு, நாற்காலியைத் துடைத்து வைத்தாள்.

விழா அன்று காது குத்தத் தட்டார் வந்துவிட்டார். தாய்மாமனைக் காணோம். நான் கோயில் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் ஒரு வேன் வந்து நின்றது. வேலுச்சாமி மாப்பிள்ளை முறுக்கு மீசையோடு இறங்கினார்.

"வலுச்சாமி வந்துட்டனுங்க! பாப்பாவக் குடுங்க!"

"கோபம் இல்லீங்களா மாப்பிள்ளை?"

"எதுக்குங்க கோபம்? சின்னதாப் போட்டாத்தான் தப்பு. நீங்க பெருசாவும் போட்டு, வலுன்னும் போட்டிருக்கீங்க. எங்கூட்டுக்காரிதான் அதப் படிச்சுட்டு மூணு நாளா சிரிக்கறா."

மடியில் வைத்தார். ஊசி பட்டதும் பேத்தி விட்டாள் ஓர் உதை. மாப்பிள்ளை உட்கார்ந்த மனைப்பலகையோடு மல்லாந்தார். பாப்பாவை மட்டும் விடவில்லை. கூட்டமே கத்தியது: "வலுச்சாமியப் புடிங்கப்பா!"

இன்னும் எந்த விசேஷத்துக்கு வந்தாலும் அந்தச் சத்தத்தோடுதான் அவரை வரவேற்கிறார்கள்.

உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது பத்திரிகை அடிக்கப் போனால், ஓரம் விடச் சொல்லி இந்தக் கதையையும் சொல்லிவிடுங்கள். பேரை மட்டும் வலுச்சாமி என்றே சொல்லுங்கள். வேலுச்சாமி என்றால் இப்போது சென்னிமலையிலேயே யாருக்கும் தெரியாது.