கமர்கட்டும் கடைவாய்ப் பல்லும்

இனி சவூதிக்குத் திரும்பிப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். இந்த முடிவை என் மனைவி லத்தீஃபாவிடம் சொல்வதில்லை என்றும் கையோடு முடிவெடுத்தேன். முதல் முடிவைவிட இரண்டாவதற்குத்தான் தைரியம் அதிகம் வேண்டியிருந்தது.

காரணம் சொல்கிறேன். தம்மாமில் ஒரு கட்டடக் கம்பெனியின் கிடங்கில் குழாய்களுக்கும் வால்வுகளுக்கும் காவல் இருந்தே என் தலைமுடி போய்விட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. ராஜகிரியில் வந்து இறங்கினால் தெருவே கூடி, "எப்ப வந்தீங்க மஜீது பாய்?" என்று கேட்கும். மறுவாரம், "எப்பப் போறீங்க?" நடுவில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வீட்டிலும் அதே கதைதான். முதல் வாரம் ஆட்டுக்கறிக் குருமா. இரண்டாம் வாரம் மீன் ஆணம். மூன்றாம் வாரம் ரசம். அதற்குமேலும் உட்கார்ந்திருந்தால், "சாப்பாடு மூடி வச்சிருக்கேன், போட்டுக்குங்க" என்று ஒரு குரல் மட்டும் வரும்.

நான் இல்லாத காலத்தில் லத்தீஃபா வீடு கட்டினாள். மகளைக் கட்டிக்கொடுத்தாள். மின்சார ஆபீஸில் சண்டை போட்டு ஜெயித்தாள். இப்போது மாடியும் எழுப்பிக்கொண்டிருக்கிறாள். நான் ஒரு சுவிட்சைப் போட்டால் வேறெங்கோ விளக்கு எரிகிறது. எந்த சுவிட்சுக்கு எந்த விளக்கு என்று வீட்டுக்காரனுக்கே தெரியவில்லை. "விடுங்க, நான் போடுறேன்" என்று எழுந்து வருவாள். அந்த 'விடுங்க' இருக்கிறதே, அதைக் கேட்டதும் பழையபடி நாற்காலிக்கே திரும்பிவிடுவேன். எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. மிச்சக் காலத்தையாவது பெண்டாட்டியோடு ஒரே வீட்டில் கழிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இதை வாய்விட்டுக் கேட்டு, அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மூடிய வாய்க்குள்ளேயே அல்லாஹ் வழி காட்டினான். பண்டாரவாடையில் ஒரு நிக்காஹ். ஒரே தட்டில் நாலு பேர் கை வைக்கும் சஹன் சாப்பாடு. எதிரே உட்கார்ந்தவர் கறியை எல்லாம் தன் பக்கம் வாரிக்கொண்டிருந்தார். அந்த ஆத்திரத்தில் தால்சாவில் கிடந்த எலும்பை எடுத்து ஓங்கிக் கடித்தேன். படக்கென்றது. எலும்பு முழுசாக இருந்தது. என் கடைவாய்ப் பல் பாதிதான் இருந்தது.

கும்பகோணத்துப் பல் டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். வேரைச் சுத்தம் பண்ணி அடைக்க வேண்டும், பல்லைச் சீவ வேண்டும், அச்செடுத்து அனுப்ப வேண்டும், கடைசியில் மேலே ஒரு கேப் போட வேண்டும் என்றார். இங்கிலீஷில் அதற்குக் கிரீடம் என்று பெயராம். வீட்டில் என்னைத்தான் ராஜாவாக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை, பல்லாவது முடிசூட்டிக்கொள்ளட்டும் என்று தலையாட்டினேன். பல சிட்டிங் ஆகும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லையாவது? கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

கணக்கு இதுதான். திரும்பிப் போவதற்கான விசாவுக்கு ஒரு கெடு உண்டு. அதற்குள் தம்மாமில் கால் வைக்காவிட்டால் வேலை போச்சு. சிட்டிங்கை இழுத்தால் விசா தானாகச் செத்துப்போகும். கொன்றது நானில்லை, பல். பல்லைப் பிடித்து யார் விசாரிக்க முடியும்?

நிஜக் கேப் வரும்வரை பிளாஸ்டிக்கில் ஒரு தற்காலிகக் கேப்பை ஒட்டிவிட்டார் டாக்டரம்மா. கெட்டியானது, ஒட்டுகிறது எதையும் அந்தப் பக்கம் மெல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நேரே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கமர்கட்டு வாங்கினேன். அந்தப் பக்கமே ஒதுக்கி மென்றேன். தாராசுரம் தாண்டுவதற்குள் கேப் கைக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து துக்க வீட்டு முகத்தோடு அதை லத்தீஃபாவிடம் நீட்டினேன். திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மறுநாளே என்னை அழைத்துப்போய் ஒட்டிக்கொண்டு வந்தாள். அதோடு நிற்கவில்லை. அன்றிலிருந்து சாயங்காலம் டீயோடு ஒரு தட்டு வர ஆரம்பித்தது. எள்ளுருண்டை, கடலை மிட்டாய், சுத்தியலுக்கும் மசியாத பொருளங்காய் உருண்டை. அந்தப் பக்கம் மட்டும் கடித்துவிடாதீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டுப் போவாள். பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே வைத்துக் கடித்தேன். கேப் மறுபடி கழன்றது. மறுபடி கும்பகோணம்.

அப்போது ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் மகள் ஜஸீலா மூன்றாவதாக மாசமாக இருந்தாள். மூத்த இரண்டுக்கும் அங்கே பள்ளிக்கூடம், அதனால் அவளால் இங்கே வர முடியாது. தாயை வரச்சொல்லி போனில் தினம் அழுதாள். மாடி வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு எப்படி வருவது என்று லத்தீஃபா அவளைத் தேற்றுவது என் காதில் விழும். எனக்கு அதில் அக்கறை இல்லை. எனக்கு என் பல் கவலை.

திடீரென்று நிஜக் கேப் வந்துவிட்டது. விசா கெடுவுக்கு இன்னும் நாள் இருந்தது. எனக்கு உயிரே இல்லை. லத்தீஃபாவும் கூட வந்திருந்தாள். டாக்டரம்மா கேப்பைப் பல்லில் வைத்துக் கண்ணாடியைக் காட்டினார். கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் நான் விழித்துக்கொண்டிருந்தபோது லத்தீஃபா எட்டிப் பார்த்தாள்.

"கலர் ஒத்துப்போகல டாக்டர். அவர் பல்லு டீத்தண்ணி கலரு. இது பளிச்சுன்னு இருக்கு."

கடைவாய்ப் பல் யார் கண்ணிலும் படாது என்று டாக்டரம்மா சொல்லிப் பார்த்தார். "கொட்டாவி விட்டாத் தெரியுமே" என்று ஒரே பிடியாக நின்றாள் லத்தீஃபா. கேப் திரும்பிப் போனது.

திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் அசையவே இல்லை. கை மரத்துப்போனது, அப்போதும் அசையவில்லை. அவளுக்கும் நான் இருக்க வேண்டும் போலிருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட நான் அப்படி இருந்ததில்லை.

கெடு தாண்டியது. டீத்தண்ணி கலரில் புதுக் கேப் வந்தது. ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் ஒரு பெட்டி திறந்து கிடந்தது. என்னை அனுப்பத்தான் கட்டுகிறாள் என்று ஒரு கணம் பதறினேன். உள்ளே இருந்ததெல்லாம் அவள் புடவைகள்.

"லத்தீஃபா, விசா முடிஞ்சுபோச்சு. இனிமே கம்பெனியில எடுக்க மாட்டான்."

"தெரியும்."

"இனிமே இங்கதான் இருக்கப்போறேன்."

"இருங்க. நாளன்னிக்கு நான் ஷார்ஜா போறேன். மாடிய யாருகிட்ட விட்டுட்டுப் போறதுன்னுதான் தவிச்சுக்கிட்டிருந்தேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாஸ்போர்ட்டு?"

"போன வருசமே எடுத்துட்டேன். போன்ல சொன்னேனே. 'சரி சரி, போன் கார்டு முடியப்போவுது'ன்னு வச்சுட்டீங்க."

"அப்ப அந்தக் கலரு?"

"அது நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்கே ஒட்டியிருந்தா நீங்க கெளம்ப வேண்டியதாப் போயிருக்கும்ல."

"நான் வேணும்னேதான் இழுக்குறேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"டாக்டரம்மாதான். மொத தடவையே கேப்புக்குள்ள வெல்லம் ஒட்டியிருந்துச்சாம்."

சாயங்காலம் தவறாமல் வந்த உருண்டைகள் எதற்கு என்பது அப்போது புரிந்தது. கோபம் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

"இருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பேனே, லத்தீஃபா."

அவள் புடவையை நிதானமாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். "சொல்லியிருந்தா, 'ஒனக்காகத்தான் வேலைய விட்டேன்'னு மவுத்தாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவீங்க. இப்ப நீங்களாத்தானே விட்டீங்க?"

அப்படி நான் சொல்லிக் காட்டியிருப்பேன் என்பது எனக்கே தெரியும்.

அவள் போய்விட்டாள். தளம் போட்ட மாடிக்குக் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றுகிறேன். கொத்தனார் காத்தானிடம் ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று நானாகவே போய் யோசனை சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு தெருவுக்குப் போய் ஷார்ஜாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு வந்து, வேறு பக்கம் வைத்தார். மதியம் நானே ரசம் வைத்து நானே மூடிவைத்து நானே போட்டுக்கொள்கிறேன். கேப் போட்ட பல் இரும்பாக நிற்கிறது. கடிக்கத்தான் வீட்டில் ஒன்றும் இல்லை.

பேரன் பிறந்தான். பிள்ளை பெற்ற நாற்பது நாளும் கழிந்தது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் நேற்று நானே போன் செய்தேன்.

"எப்ப வர்றே, லத்தீஃபா? வீடு வீடாவே இல்ல."

"வரணும்னுதாங்க இருந்தேன். பாருங்க, இங்க வந்து எனக்கு ஒரு பல்லு ஒடைஞ்சுபோச்சு. டாக்டரு கேப் போடணும்ங்குறாரு."



"எத்தனை சிட்டிங்?"

"அத எப்படிங்க இப்பவே சொல்ல முடியும்?"