குடை பிடித்த ஆடும் கோகிலவாணியும்

நாற்பத்து மூன்று வயதில் ஒரு சபதம் எடுத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, குடை பிடித்த ஆட்டை எப்படியாவது எட்டாவது ஸ்டேஜைத் தாண்ட வைத்துவிடுவது.

சிரிக்காதீர்கள். நான் ஏழாவது படிக்கும்போது சித்தப்பா வாங்கித் தந்த டிவி கேம் அது. டவுசர் போட்ட ஒரு தொப்பை ஆடு, கையில் குடையோடு மேடைக்கு மேடை தாவும். கேஸட்டைக் கழற்றி, வாயால் ஊதிப் போட்டால் இன்றைக்கும் ஓடுகிறது. எட்டாவது ஸ்டேஜில் ஒரு முள்வேலி. அதைத் தாண்ட முடியாமல் முப்பது வருஷமாக நானும் ஆடும் செத்துக்கொண்டே இருக்கிறோம்.

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொந்தமில்லை. என் மனைவி கோகிலவாணிக்குச் சொந்தம். லாஃப்ட்டைச் சுத்தம் செய்வது பொங்கலிலிருந்து பாக்கி. ஆகவே ஒரு திட்டம் போட்டேன். சிறுசேரியில் நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்ட மூளை போட்ட திட்டம்.

"என்னங்க இது, காலங்காத்தால ஆடு?"

"ஆபீஸ் வேலை வாணி. ஒரு பழைய சாஃப்ட்வேரை டெஸ்ட் பண்றேன்."

"ஆடு டவுசர் போட்டிருக்கே?"

"கிளையன்ட் அப்படித்தான் கேட்டிருக்காங்க."

"எப்ப முடியும்?"

"சொல்ல முடியாது. நடுவுல அணைக்கவும் முடியாது. இதுல சேவ் பண்ற வசதியே கிடையாது. ப்ளக்கைப் பிடுங்கினா மறுபடி மொதல்லேர்ந்துதான்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது மழை பெய்தால்தான் கத்தும். நான் யாரும் கேட்காமலே கத்திவிட்டேன்.

"அப்படியா" என்றாள் வாணி. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கே நான் பயந்திருக்க வேண்டும்.

ஒன்பதரை மணிக்கு ஆடும் நானும் முள்வேலிக்கு முன்னால் நின்றோம். அப்போது வாணி மிக்ஸியோடு ஹாலுக்கு வந்தாள்.

"ஏங்க, அந்தப் ப்ளக்கைக் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் 'பாஸ்' பட்டனை அமுக்கி, ஆட்டை அந்தரத்தில் நிற்க வைத்துவிட்டுப் பாய்ந்து எழுந்தேன். "எதுக்கு?"

"அடைக்கு அரைக்கணும். கிச்சன் ப்ளக் பாயின்ட் கருகி ரெண்டு மாசமாச்சு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடறேன்னு நீங்கதான் சொன்னீங்க."

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றே இடம். டிவி, கேம், வைஃபை.

"வைஃபையை எடுத்துக்கோ."

"ஆபீஸ் வேலைக்கு வைஃபை வேண்டாமா?"

கம்பெனியில் என்னை இப்படி யாரும் மடக்கியதில்லை.

"நீ அரைக்கவே வேண்டாம். மாவு கடையில வாங்கிட்டு வந்துடறேன். யாரும் இதைத் தொடக் கூடாது."

"நான் எதுக்குத் தொடறேன்? ஆபீஸ் சொத்தாச்சே."

மாவோடு ஓடி வந்தேன். டிவியில் ஆடு, போட்டது போட்டபடி, குடையோடு அந்தரத்தில் நின்றது. உட்காரப் போனேன்.

"ஏங்க, அந்தப் ப்ளக்கு..." என்று ஆரம்பித்தாள். அவள் கையில் என் சட்டைகள். அயர்ன் பண்ணத்தானே! அவள் முடிக்குமுன் அத்தனையையும் வாரிக்கொண்டு தெருமுனை இஸ்திரி வண்டிக்கு ஓடினேன்.

பிறகு வாக்யூம் கிளீனர் எட்டிப் பார்த்தது. துடைப்பத்தை நானே கையில் எடுத்துவிட்டேன். ஒட்டடை அடித்தேன். ஃபேன் துடைத்தேன். லாஃப்ட் மட்டும் மீதி என்றதும், பக்கத்து வீட்டு ஜெபசீலன் சாரிடம் ஏணி கேட்டுப் போனேன். ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்.

"என்ன மோகன்ராஜ், சண்டே அதுவுமா ஏணி?"

"ஒரு ஆட்டைக் காப்பாத்தணும் சார்."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் ஏணியைக் கொடுத்துவிட்டார்.

லாஃப்ட் மேலிருந்து பார்த்தால் டிவி தெரிந்தது. தும்மலுக்குத் தும்மல் ஆட்டைப் பார்த்துக்கொண்டேன். எனக்காக ஒரு ஜீவன் அசையாமல் காத்திருக்கிறது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு எல்லா வேலையும் முடிந்தது. கைகால் கழுவிக்கொண்டு, மாப்பிள்ளை போல் வந்து உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். ஆடு அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். ஊஹூம். வயரை ஆட்டினேன். பெட்டியைத் தட்டினேன். பதற்றத்தில் கை தவறி கேஸட்டே வெளியே வந்துவிட்டது. ஐயோ, முப்பது வருஷக் கனவு போச்சே என்று நிமிர்ந்தேன்.

ஆடு அப்படியே நின்றது.

பதினெட்டு வருஷ அனுபவத்தில் இப்படி ஒரு சாஃப்ட்வேரை நான் பார்த்ததில்லை. திகைத்து உட்கார்ந்திருந்தபோது, ஆட்டின் தலைக்கு மேல் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து விழுந்தது. அனுப்பியது வாணியின் தங்கை கனகவல்லி.

'அக்கா, மாமா இன்னும் அந்த போட்டோவுக்குக் காவல் இருக்காரா?'

எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தேன். கேமின் ப்ளக் கீழே கிடந்தது. அந்த இடத்தில் வாணியின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"வாணீ!"

காபியோடு நிதானமாக வந்தாள். "நீங்க மாவு வாங்கப் போனப்பவே கரண்ட் போயிட்டு வந்துச்சுங்க. ஆடு மொதல் ஸ்டேஜுக்குப் போயிடுச்சு. பாத்தா மனசு உடைஞ்சு போயிடுவீங்களேன்னுதான், கனகாவுக்கு அனுப்ப எடுத்த போட்டோவை போன்லேர்ந்து டிவியில போட்டு விட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க சட்டையைப் பிடுங்கிகிட்டு ஓடிட்டீங்க."

"அதுக்கப்புறம் ஏழு மணி நேரம் இருந்துதே?"

"அவ்வளவு ஆசையா வேலை செய்யறவரை எப்படிங்க தடுக்கறது?"

காபியை என் கையில் கொடுத்துவிட்டு, போனைக் கையில் எடுத்தாள்.

"போட்டோவை எடுத்துடட்டுமா? இல்ல, பாத்ரூம் கழுவற வரைக்கும் இருக்கட்டுமா?"