ஜெபாவின் மூன்று மாதங்கள்

"சனி. மாலை 6.40. நாகர்கோவில். ஜெபாவைத் தாணு சாருக்கு அறிமுகம் செய்தேன். முறையாகச் செய்தேன்." என் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. கடைசி இரண்டு சொற்களைக் குறுக்கே அடித்து ஒரு கோடு உண்டு. அது அன்றைய மை அல்ல. மறுநாள் காலையில் போட்டது.

எதற்கும் தேதி வேண்டும் என்பது என் வியாதி. ரப்பர் மெத்தைக் கம்பெனி ஒன்றில் விற்பனை மேலாளராக இருப்பவனுக்கு அது தேவையே இல்லை. (மெத்தை வாங்குகிறவர் நாள் பார்ப்பார், விற்கிறவன் பார்க்கக் கூடாது.)

மாவட்டத்து மார்க்கெட்டிங்காரர்கள் மாதம் ஒருமுறை ஒரு ஓட்டல் ஹாலில் கூடுவோம். தொடர்புகளை வளர்த்துக்கொள்ள என்று அழைப்பிதழில் இருக்கும். நடப்பது வேறு. நீட்டிய விசிட்டிங் கார்டு படிக்கப்படாமலே சட்டைப்பைக்குள் போகும். அடுத்து, "எந்த ஊரு? ஆருக்க பிள்ள?" அங்கிருந்து சபை, வீட்டுப்பெயர், அம்மா வழி என்று நடந்து, பொதுவாக ஒரு ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் வியாபாரம். அதற்குள் டீ ஆறிவிடும்.

ஜெபா என் மனைவியின் தங்கை. சென்னையில் விளம்பர வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்திருந்தாள். அருமனையில் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு அறுவைச் சிகிச்சை ஆகியிருந்ததால், வேலை இங்கேயே கிடைத்தாக வேண்டும். தோவாளைக்காரரான தாணு சாரின் மசாலாக் கம்பெனியில் ஒரு இடம் இருந்தது. அவர் அன்றைய கூட்டத்துக்கு வருவார் என்று துப்புக் கொடுத்ததும் நான்தான்.

எல்லாம் ஒழுங்காகவே போனது. இருபது நிமிடத்தில், ஜெபாவின் பெரியப்பா தாணு சாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் என்பது தெரிந்துவிட்டது. அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ நம்ம பிள்ளயாக்கும். சென்னையில எத்தன வருசம் மக்கா?"

"அஞ்சு வருசம் சார்," என்றாள் ஜெபா.

அது போதுமான பதில். எனக்குப் போதவில்லை.

"தொடர்ச்சியா இல்ல சார்," என்றேன். "பிப்ரவரி கடைசியில மொத கம்பெனிய விட்டா. ஜூன் மொத திங்கள் அடுத்ததுல சேந்தா. இடையில மூணு மாசம் சும்மா."

ஜெபா என்னைப் பார்த்தாள். தாணு சார் தன் டீயைப் பார்த்தார். பக்கத்தில் நின்றிருந்த நகைக்கடைக்காரரும் பெயின்ட் விநியோகஸ்தரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தைப்படுத்துவதே தொழிலாகக் கொண்ட நாற்பது பேர் நிரம்பிய ஹால் அது. ஒரு சரக்கைக் கையில் கொடுத்தால் சும்மா இருப்பார்களா?

வடை மேசையருகே அவளை வேலையை விட்டு நிறுத்தியதாகப் பேச்சு. பேச்சு தண்ணீர் கேன் பக்கம் போவதற்குள் அவள் துபாய் போய்த் திரும்பிவிட்டாள். ஒலிபெருக்கிக்காரரை எட்டும்போது ஒரு ரகசியக் கல்யாணமும் முடிந்திருந்தது. எட்டு மணிக்குள் பெயின்ட் விநியோகஸ்தர் என்னையே ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். நான் அவள் அத்தான் என்பது அவருக்கு மறந்துவிட்டதா, பொருட்டில்லையா, தெரியவில்லை.

"நமக்குள்ள இருக்கட்டும், கேட்டியளா. அந்தப் பிள்ள போட்டிக் கம்பெனிக்கு விசயத்தக் கொடுத்து மாட்டிக்கிட்டாளாம். மூணு மாசம் எவனும் வேல கொடுக்கல்ல."

"யாரு சொன்னா?"

"நம்பிக்கையான ஆளாக்கும். தேதியோட சொல்லியிருக்காரு."

அந்த நம்பிக்கையான ஆள் நானேதான். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். ஆனால் என் குறிப்பை முதல்முறையாக ஒருவர் ஆதாரமாகக் காட்டுகிறார். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

"தேதி சரிதான்," என்றேன்.

பின்னால் தாணு சார் கைகழுவிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அவர் ஜெபாவிடம் அன்பாகவே கேட்டார்: "மூணு மாசம் எங்க மக்கா இருந்த?"

"இந்த ஹாலுக்குள்ள ஆளுக்கு ஒண்ணு சொல்லுகாவ சார். ஒங்களுக்குப் பிடிச்சத எடுத்துக்கிடுங்க," என்றாள்.

அவர் சிரித்தார். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். சொல்லவில்லை. ஏழு வாரம் காத்திருந்துவிட்டு ஜெபா திருவனந்தபுரத்தில் ஒரு வேலையில் சேர்ந்தாள். இப்போதும் தினமும் ரயிலில் போய் வருகிறாள். அம்மாவைப் பகலில் என் மனைவி போய்ப் பார்த்துக்கொள்கிறாள். அவளை அங்கே கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான். அதில் விவாதத்துக்கே இடமிருக்கவில்லை.

கல்யாண வீடுகளில் ஜெபா என்னைப் புது ஆட்களுக்கு இப்படித்தான் அறிமுகம் செய்கிறாள்: "இது எங்க அத்தான். இவருக்க முன்னால வயசச் சொல்லாதுங்க, திருத்திப்போடுவாரு." அவர்கள் சிரிக்கிறார்கள். போன மாதம் அப்படிச் சிரித்தவர்களில் தாணு சாரும் ஒருவர்.

அந்த மூன்று மாதம் ஜெபா எங்கே இருந்தாள் என்பதற்கு என்னிடம் நான்கு பதிவுகள் உள்ளன. நான்கும் அந்த ஹாலில் கிடைத்தவை. மனைவிக்கு உண்மை தெரியும் என்று நினைக்கிறேன். கேட்டால், "எழுதி வைக்கதுக்கா கேக்குதிய?" என்கிறாள். அந்த இடத்தைக் காலியாகவே விட்டு, பக்கத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன்: சரிபார்க்கப்படவில்லை.