உயிரோடு இருந்தவர்களுக்கும் ஒரு கல்லறைத் திருநாள்

எங்கள் குடும்பத்தில் சிலரை நான் சாகடித்திருக்கிறேன். ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை, ஏனென்றால் ஊருக்கே தெரியும்; மைக் வைத்துச் சொன்னார்கள். செத்தவர்களில் பெரும்பாலானோர் இன்றும் ஆரணியில் நல்லபடியாக இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் என்னை நலம் விசாரிக்கிறார்கள். (விசாரிக்கும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியாது.)

நான் ஓர் அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறவள். எழுதுவது என்றால் பேனாவால் இல்லை, எக்செலில். நெல் லாரி உள்ளே வருவதும் தவிடு வெளியே போவதும் கட்டம் கட்டமாக என் கைக்குள் இருக்கும். முதலாளி யாரிடமாவது "ஸ்டெல்லாவைக் கேளு" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குத் தரையில் கால் பாவாது. இந்தத் திமிர்தான் என்னைக் குடும்ப வரலாற்றுப் பக்கம் தள்ளியது.

பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டை வேறு ஏதோ வேலையாகப் பார்க்க நேர்ந்தது. அதில் என் கொள்ளுத் தாத்தாவின் பெயர் இருந்தது. அவ்வளவுதான், பித்துப் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைத் தோட்டத்தில் செல்போனோடு அலைந்து, பாசி பிடித்த சிலுவைகளைப் படம் எடுத்தேன். சொந்தக்காரர்களுக்கு போன் போட்டு நச்சரித்தேன். பெயர், அப்பா பெயர், பிறப்பு, கல்யாணம், இறப்பு, யார் சொன்னது என்று பத்தி பத்தியாகப் பிரித்து, ஆண்களுக்கு ஒரு நிறம், பெண்களுக்கு ஒரு நிறம் கொடுத்தேன். பிறந்த தேதி கேட்டால் அத்தை, "ஆத்துல வெள்ளம் வந்துச்சே, அப்ப" என்பாள். தேதிக்கான கட்டத்தில் வெள்ளத்தை எப்படிப் போடுவது? சிவப்பு அடித்து வைத்தேன். புருஷனும் பெண்சாதியும் அடுத்தடுத்த வரிசையில், அவர்களுக்குக் கீழே பிள்ளைகள் என்று ஒழுங்காக அடுக்கினேன். அந்த ஒழுங்குதான் பிறகு என் கழுத்தை அறுத்தது.

அப்பாவின் தம்பி சவரிமுத்துச் சித்தப்பா அந்த வருஷம்தான் இறந்திருந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் வெகுகாலமாகப் பேச்சு இல்லை. தாத்தா செத்தபோது உடலை யார் வீட்டில் கிடத்துவது என்று ஆரம்பித்த சண்டை. தாத்தாவை அடக்கம் செய்துவிட்டார்கள், சண்டையை யாரும் அடக்கம் செய்யவில்லை. அடுத்தடுத்த தெருவில் குடியிருந்துகொண்டு, ஒரே பூசைக்கு வந்து, வேறு வேறு வாசல் வழியாக வீட்டுக்குப் போவார்கள். அப்பா வாயில் தம்பியின் பெயரே வராது. 'அந்தாளு' என்பார். சித்தப்பாவின் பெட்டி குழிக்குள் இறங்கியபோது ஒரு பிடி மண் போட்டுவிட்டு, யாரோடும் பேசாமல் வீட்டுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கல்லறைத் திருநாள் நெருங்கியது. அன்று மாலை கல்லறைத் தோட்டத்திலேயே பூசை நடக்கும். ஒவ்வொரு குடும்பமும் எழுதிக் கொடுத்த இறந்தவர்களின் பெயர்களை ஃபாதர் வாசிப்பார். சித்தப்பாவின் மனைவி ரெஜினா மேரி, ரிட்டயர்டு டீச்சர், அதிகம் பேசாதவர், என்னைத் தேடி மில்லுக்கே வந்தார்.

"ஸ்டெல்லா, உங்க வீட்டு லிஸ்ட் நீதான் குடுக்கப் போறியாமே. அவரு பேரு அதுல வரணும். உங்க தாத்தா, கொள்ளுத் தாத்தா கூட வரிசையா வரணும்."

"கண்டிப்பா சித்தி."

"தனியா ஒரு சீட்டு எழுதி நானே குடுத்துடலாம். எனக்கு அது வேணாம். அவரும் இந்த வீட்டுப் புள்ளதான்னு ஒரு தபா காதால கேட்டா போதும்."

அப்பாவிடம் கேட்டேன். பேப்பரை முகத்திலிருந்து இறக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு, "போட்டுக்கோ" என்றார். அந்த ஒரு சொல்லைக் கொண்டுபோய்ச் சித்தியிடம் சொன்னபோது அவர் அழுதார், நானும் அழுதேன். என்ன பொறுப்பை ஏற்றிருக்கிறேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் இப்படிச் செய்தேன்.

ஒரே ஆளைப் பற்றி இரண்டு பேர் தகவல் சொன்னதால் சில பெயர்கள் அட்டவணையின் கடைசியில் இரண்டாம் முறையும் ஏறியிருந்தன. மில்லில் ஒரு லாரி நம்பர் இரண்டு தடவை பதிவாகிவிட்டால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். பெயர்ப் பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து, திரும்ப வருகிறவற்றை நீக்கச் சொன்னேன். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்துக்கொள்ளவா என்று எக்செல் மரியாதையாகக் கேட்டது. மில்லில் லாரி நம்பர் பட்டியல் தனியாக இருக்கும்; அங்கே தினமும் சொல்கிற பழக்கத்தில் வேண்டாம் என்றேன். வேலை முடிந்தது என்று அது சொன்னதும் டீ குடிக்கப் போனேன்.

லாரிக்கு யாரும் தாத்தா பெயர் வைப்பதில்லை. எங்கள் வீட்டில் வைப்பார்கள். கொள்ளுத் தாத்தா பெயர் சவரிமுத்து. அவர் நினைவாகத்தான் பேரனுக்கும், அதாவது சித்தப்பாவுக்கும், சவரிமுத்து. எக்செலுக்கு இரண்டும் ஒன்று. மேலே இருந்தவரை வைத்துக்கொண்டு கீழே இருந்தவரைத் துடைத்துவிட்டது. துடைத்த இடம் காலியாக இருக்கக் கூடாதென்று கீழே இருந்த பெயர்கள் எல்லாம் ஒரு கட்டம் மேலே ஏறிக்கொண்டன. பெயர்கள் மட்டும்தான் ஏறின. இறந்த தேதிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆக, சித்தப்பா இறந்த தேதிக்கு நேராகச் சித்தி வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கீழே ஒவ்வொருவரும் மேல் கட்டத்துக்காரரின் தலையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தவர்கள் செத்தார்கள், செத்தவர்களில் சிலர் உயிர்த்தெழுந்தார்கள். (செத்துப்போன லாசருக்கு ஆண்டவர் செய்ததை நான் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் செய்தேன், யாரும் பாராட்டவில்லை.) இதையெல்லாம் பிற்பாடுதான் கண்டுபிடித்தேன். அன்றைக்கு, இறந்த தேதி உள்ள பெயர்களை மட்டும் வடிகட்டி, அழகாகப் பிரிண்ட் எடுத்து, படித்துக்கூடப் பார்க்காமல் கோயில் ஆபீசில் கொடுத்துவிட்டேன்.

திருநாளன்று காலையிலிருந்தே தூறல். கல்லறைத் தோட்டத்து மண் குழைந்து செருப்பைப் பிடித்து இழுத்தது. ஏற்ற ஏற்ற மெழுகுவத்திகள் அணைந்தன. சித்தப்பாவுக்கு இன்னும் கல் வைக்கவில்லை, மரச்சிலுவைதான். சித்தி அதற்குச் செவ்வந்தி மாலை போட்டு, பக்கத்திலேயே நின்றார். அப்பா நாலைந்து கல்லறை தள்ளி, யாருடைய சமாதியையோ உற்றுப் பார்த்தபடி நின்றார். ஃபாதர் ஊருக்குப் புதிது, யாரையும் தெரியாது. அவருக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தவன் என் அத்தை மகன் லூர்துராஜ்.

எங்கள் குடும்பத்தின் முறை வந்தது. முதல் பெயர் சவரிமுத்து. அது கொள்ளுத் தாத்தா என்று எல்லோருக்கும் தெரியும். "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்றோம். அவர் மனைவி வந்தார், தாத்தா வந்தார், ஆயா வந்தார். சித்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றார். அடுத்து வரவேண்டியது அவர் கேட்க வந்த பெயர்.

"ரெஜினா மேரி."

"ஆண்டவரே இரக்கமாயிரும்" என்றோம். வாய்ப் பழக்கத்தில் சித்தியும் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அது தன் பெயர் என்று அவருக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் சித்தியை ஏற இறங்கப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றாள்.

ஃபாதர் நிறுத்தவில்லை. "லூர்துராஜ்" என்றார். குடை சாய்ந்தது. குடையில் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ஃபாதரின் கழுத்தில் இறங்கியது. அதற்கப்புறம் பெயர்கள் வர வர, கூட்டத்தில் அங்கங்கே "ஐயையோ", "இன்னாது?", "நான் இங்கதான நின்னுகினு இருக்கேன்?" என்று குரல்கள் கிளம்பின. பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மச்சினரும் போய்ச் சேர்ந்தார். துக்கம் தாளாமல் ஜனங்கள் புலம்புகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஃபாதர் இன்னும் உருக்கமாக வாசித்தார். சித்தப்பாவின் பெயர் கடைசிவரை வரவில்லை.

பூசை முடிந்ததும் லூர்து நேராக என்னிடம் வந்தான்.

"நான் எப்ப செத்தேன் ஸ்டெல்லா?"

நான் போனில் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். (கேட்டதும் தேடிப் பார்த்துச் சொல்கிற முட்டாள், உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.) "நீ பத்தாவது படிச்சிகினு இருந்தப்ப" என்றேன்.

"பரீட்சைக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அதான் ஃபெயிலாயிட்டேன்" என்று சிரித்தான். சிரித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தி, "அது எங்கப்பா போன தேதி" என்றான்.

அதற்குள் சித்தி அப்பாவிடம் போயிருந்தார்.

"ஏன் மாமா, மண்ணுக்குள்ள போனப்புறமுமா? புடிக்கலன்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம். என் பேரையும் எழுதி வச்சி இன்னாத்துக்கு இந்த அசிங்கம்?"

"நான் இல்லம்மா" என்றார் அப்பா. அத்தனை சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. நான் ஓடிப்போய் நடுவில் புகுந்தேன்.

"சித்தி, அப்பா ஒண்ணும் பண்ணல. கம்ப்யூட்டர்தான். சித்தப்பாவை டூப்ளிகேட்னு நெனச்சி எடுத்துடுச்சி."

சொல்வதற்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. என் வாயில் வந்தது அது.

"டூப்ளிகேட்டா?" என்று சித்தி மெதுவாகக் கேட்டார். "நாப்பது வருஷம் அந்த மனுஷன் கூட குடித்தனம் பண்ணியிருக்கேன் ஸ்டெல்லா."

அங்கே ஒரு குழி தயாராக இருந்திருந்தால் இறங்கிப் படுத்திருப்பேன், நிறம்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அவர் கேட்டது ஒரே ஒரு பெயர். அதைத் தவிர மற்ற எல்லோர் பெயரையும் வாசிக்க வைத்துவிட்டேன். ஃபாதரைக் கூப்பிட்டு மறுபடி வாசிக்கச் சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

"ஃபாதர் வேணாம்" என்றார் சித்தி. "மாமா சொல்லட்டும்."

அப்பா சேற்றில் நடந்து போய் அந்த மரச்சிலுவைக்கு முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றினார். வாயைத் திறந்தார், மூடினார். எங்கே 'அந்தாளு' என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"சவரி" என்றார்.

சின்ன வயதில் தம்பியைக் கூப்பிட்ட பெயராம். எனக்கு அதுவரை தெரியாது, என் அட்டவணையில் அதற்குக் கட்டமும் இல்லை. பிறகு முழுப் பெயரையும் சொன்னார். சித்தி, லூர்து, நான், மிச்சமிருந்த செத்தவர்கள் எல்லோரும் நனைந்துகொண்டே "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்றோம். அப்பா அழுதார். உயிரோடு இருந்தபோது ஒரு தடவை இப்படிக் கூப்பிட்டிருந்தால் அடுத்த தெருவிலிருந்து சித்தப்பா ஓடி வந்திருப்பார். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.

இப்போது என் அட்டவணையில் ஆளுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறேன். எந்தச் சவரிமுத்துவும் எந்தச் சவரிமுத்துவையும் இனிமேல் விழுங்க முடியாது. திருநாள் பட்டியலைச் சித்தி சிவப்புப் பேனாவோடு திருத்திக் கொடுத்த பிறகுதான் கோயிலுக்கு எடுத்துப்போகிறேன். ஆனால் எடுத்த பெயர் எடுத்ததுதான். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "ஸ்டெல்லா, நான் இருக்கேனா, பூட்டேனா? பாத்து ஜல்தியா சொல்லு, இலை போடறாங்க" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. சித்தி போன் செய்தால், "மரிச்சவ பேசறேன்டி" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

அப்பாவுக்கு மட்டும் இதில் சிரிப்பு வராது. யாராவது இந்தக் கதையை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவார். போன மாதம் லூர்துவின் மகளுக்கு நிச்சயதார்த்தம். சாப்பாடு முடிந்து எல்லோரும் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது, மாப்பிள்ளை வீட்டாருக்கு லூர்து கதையை அவிழ்த்துவிட்டான். குடை சாய்ந்ததை நடித்துக் காட்டினான். மண்டபமே சிரித்தது. அப்பா வழக்கம்போல வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"உக்காருங்க மாமா" என்றார் சித்தி. "அவரு பேரு இன்னும் வரல."

அப்பா உட்கார்ந்துகொண்டார்.