எட்டு மில்லிமீட்டர் காலி இடம்

என்றும் என் மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அங்கே நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள். நீங்கள் சிபாரிசு செய்து சேர்த்துவிட்ட கம்பெனியில்தான் யாருக்கும் சுகமில்லை.

குழந்தைகள் அறைச் சுவரில் செருகும் குட்டி விளக்குக்கு, இருநூற்று முப்பது வோல்ட் ஏசியை ஐந்து வோல்ட் டிசியாக்கும் பவர் சப்ளை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார் உங்கள் சிநேகிதர், அதாவது என் முதலாளி. சோப்புக்கட்டி அளவில் செய்தேன். "இன்னும் சின்னதா" என்றார். தீப்பெட்டி அளவுக்கு இறக்கினேன். "இன்னும் கொஞ்சம்மா" என்றார். பிறகு சர்க்யூட் போர்டைக் கண்ணருகே பிடித்து, நடுவில் நான் விட்டிருந்த எட்டு மில்லிமீட்டரைக் காட்டி, "இது ஏன் சும்மா கெடக்கு?" என்றார். "அந்தப் பக்கம் ஆளைக் கொல்ற கரண்ட், இந்தப் பக்கம் குழந்தை கைபடற எடம். நடுவுல இதுதான் சார் காவல்" என்றேன். "காலி மனைய யாராவது அப்படியே போட்டு வைப்பாங்களா?" என்கிறார், சித்தப்பா!

பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், விற்பனையைக் கவனிக்கிற அவருடைய மச்சான், மூடி ஆடுகிறதென்று சரியாக அந்த எட்டு மில்லிமீட்டருக்குள் ஓட்டை போட்டு ஒரு திருகாணியை முடுக்கி வைத்திருக்கிறார்! "எடம் இருந்துச்சு, போட்டேன்" என்று இளிக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளி சுவிட்சைப் போட, பத்து எண்ணுவதற்குள் டமால்! கட்டிடத்துக்கே மெயின் விழுந்துவிட்டது. விளக்கு வாங்க வந்தவர் மேசைக்கடியில் புகுந்தவர்தான், வெளியே எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. அத்தனை பேர் முன்னால் முதலாளி என்னைப் பார்த்து, "நல்லாப் படிச்ச பொண்ணுன்னு ஒங்க சித்தப்பா சொன்னாரே" என்கிறார்! வந்ததே எனக்குக் கோபம். "ஒங்க மச்சானையே டிசைன் பண்ணச் சொல்லுங்க" என்று, கரிந்த போர்டை மூடியோடு பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அவராக வந்து மன்னிப்புக் கேட்டாலொழிய இனி அந்தப் படி ஏற மாட்டேன். நீங்கள் உடனே போன் போட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அவரை நாலு கேள்வி கேட்க வேண்டும்.

சித்திக்கு என் வணக்கம், தம்பிக்கு அன்பு. உங்கள் ஆசி ஒன்றையே நம்பியிருக்கும்,
கோபம் தணியாத மகள்.

பி.கு.: உங்கள் மாப்பிள்ளை பார்க்கக் கேட்டாரென்று இப்போதுதான் மூடியைக் கழற்றினேன். திருகாணி பிளாஸ்டிக், அதில் கரண்ட் பாயாது. அந்த எட்டு மில்லிமீட்டரில் ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லை. வெடித்தது பெரிய கெப்பாசிட்டர். பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. அதைச் சாலிடர் வைத்துப் பொருத்தியது நான். நாளைக் காலை போய்ச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் போன் போட வேண்டாம். ஆனாலும், என்னைக் கேட்காமல் ஓட்டை போட்டது தப்புதானே, சித்தப்பா?